பெருக்கல் படப் புத்தகத்தில் விடை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி திறக்கும் மாதத்தில் சேலம் கடைவீதிப் புத்தகக் கடைகளில் ‘படங்களுடன் வாய்ப்பாடு’ என்ற பெயரில் பளபளப்பான அட்டையோடு புத்தகங்கள் அடுக்கப்படுகின்றன. உள்ளே பக்கத்துக்கு ஒரு வாய்ப்பாடும், ஓரத்தில் அந்தக் கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கிளியோ முயலோ இருக்கும். பிள்ளைக்குப் பெருக்கல் புரிந்துவிடும் என்று நம்பிப் பெற்றோர் இவற்றை வாங்குகிறார்கள். படம் இங்கே அலங்காரம் மட்டுமே. அதை நீக்கிவிட்டாலும் அந்தப் பக்கத்தில் எதுவும் குறையாது.

பெருக்கல் என்பது சமமான கூட்டங்களை எண்ணுவது. இதை வாயால் விளக்குவது கடினம், படத்தால் காட்டுவது எளிது. நம் ஊர்த் தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டைகளுக்கு நடுவே காய்த்துருவல் வைத்துத் தரும் தின்பண்டம் அது; ஒரு செட்டுக்கு இரண்டு தட்டை. தட்டில் ஏழு செட்டுகளை வரைந்து, எத்தனை தட்டை என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டால், பிள்ளை முதலில் ஒவ்வொன்றாக எண்ணும். பிறகு இரண்டிரண்டாகத் தாண்டும். பக்கங்கள் போகப்போக எண்ணாமலேயே சொல்லும். இந்த மூன்று படிகளையும் பிள்ளை தானே கடக்க வேண்டும். படத்துக்குக் கீழேயே ‘7 × 2 = 14’ என்று அச்சிட்டுவிட்டால், கண் நேரே விடைக்குப் போய்விடும்; படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒரு சிறுமி கொண்டுவந்த புத்தகத்தில் நான்கு கூடைகள், கூடைக்கு ஐந்து மாம்பழங்கள் என்று ஒரு படம் இருந்தது. ஓவியர் அழகுக்காக ஒரு பழத்தைக் கூடையின் கைப்பிடிக்குப் பின்னால் முழுவதுமாக மறைத்துவிட்டார் போலும். சிறுமி விரல் வைத்து எண்ணினாள், 19 வந்தது. மறுபடி எண்ணியபோதும் 19 தான். கீழே 20 என்று அச்சாகியிருந்ததைப் பார்த்ததும் தன் எண்ணிக்கையை அழித்துவிட்டு 20 என்று எழுதிக்கொண்டாள். அவள் எண்ணியது சரி, படம்தான் தவறு. கணக்குப் புத்தகத்தில் ஓவியரும் கணக்கு வாத்தியார்தான் என்பதைப் பதிப்பகத்தார் நினைவில் வைத்தால், இப்படிப்பட்ட பக்கம் அச்சுக்கே போகாது.

சத்துணவுக் கூடத்துக்கு வரும் முட்டை அட்டை இதைவிட நல்ல பாடம். ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி, மொத்தம் 30. அதே அட்டையைத் திருப்பி வைத்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை. இந்த இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டால் ஆறைந்தும் ஐயாறும் ஒன்றே என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. இதனால் மனப்பாடச் சுமையும் இறங்குகிறது. பத்து வரையிலான வாய்ப்பாட்டில் 100 விடைகள் இருக்கின்றன. திருப்பிப் போட்டவற்றைக் கழித்தால் 55 தான். எளிதான ஒன்று, பத்து வாய்ப்பாடுகளையும் விலக்கினால் உண்மையில் உழைத்துப் படிக்க வேண்டியவை 36 மட்டுமே. வாய்ப்பாட்டை ஒப்பிப்பதற்கு நான் எதிரியல்லன். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை உரக்கச் சொல்லியே பின்ன வாய்ப்பாடு வரை கற்றவர்கள் நம் முன்னோர். எதை ஒப்பிக்கிறோம் என்று கண்ணால் கண்ட பிறகு ஒப்பிக்கட்டும் என்பதே என் கருத்து.

உள்ளூர்ப் படம் வேண்டும் என்றவுடன் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை வரையத் தோன்றும். எண்ணிப் பழக அது நல்ல படம். சமமான கூட்டங்கள் அதில் இல்லாததால் பெருக்கலுக்கு உதவாது. மலைக் கிராமப் பிள்ளைகளுக்குக் காப்பிப் பழம் பொருத்தமானது. பெரும்பாலும் பழத்துக்கு இரண்டு கொட்டை இருக்கும். அரிதாக ஒற்றைக் கொட்டைப் பழமும் உண்டு. எட்டுப் பழங்களில் ஒன்று ஒற்றைக் கொட்டை என்று வரைந்தால் எட்டிரண்டு பதினாறு அங்கே செல்லாது. பெருக்குவதற்கு முன் கூட்டங்கள் சமமா என்று பார்க்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வளரும் பிள்ளை நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழிக் கணக்கை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு கதைப் புத்தகங்களைத் தந்தது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பெருக்கலுக்கென்றே சில படப் புத்தகங்களைப் பள்ளிக் கல்வித் துறை உருவாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு படத்தையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். விடைகளைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம்; ஆசிரியர் கையேட்டில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.