அகலக் கால் வைக்காதே, முரளி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றினேன், புதுக் கண்ணாடியில் திரையைப் பார்த்துப் பழக ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் அலுவலகத்தில் சர்வர் மாற்றும் வேலை, நாலைந்து ராத்திரி தூக்கமில்லை. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் பக்கங்களை நிமிர்த்தும் உன் கருவியை வளர்க்க, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட நீ எழுதியிருக்கும் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது நானே பணம் போட்டுவிடலாம் போலிருந்தது. மூன்றாவது தடவை படித்தபோது உன்னை நினைத்துப் பயம் வந்துவிட்டது.

என் அலமாரியில் சாம்பல் நிற டி-ஷர்ட் ஒன்று இருக்கிறது. குறிப்பெடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதப்போகிறேன், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று சொன்ன ஒருவருக்குப் பத்து வருஷம் முன்னால் பணம் கொடுத்தேன். அதற்கு நன்றியாக வந்தது அது. மென்பொருள் வரவில்லை, டி-ஷர்ட் வந்தது. நல்ல துணி, இப்போது மானிட்டர் துடைக்கப் பயன்படுகிறது. அந்த மனிதரின் பெயர் வேண்டாம், அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று நான் இன்னும் நம்புகிறேன். முதலில் வாரம் ஒரு மடல் அனுப்பினார். அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கும் மடல்கள். கடைசியாக வந்ததில், எல்லாவற்றையும் அடியிலிருந்து மாற்றி எழுதுவதாகவும் அது முடிந்ததும் வேலை வேகமெடுக்கும் என்றும் சொல்லியிருந்தார். அடியிலிருந்து மாற்றி எழுதுகிறேன் என்று ஒரு நிரலர் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் பக்கத்தைப் படித்த அன்று ராத்திரி அந்த மனிதரின் பழைய நிரல் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன். அதில் கடைசியாகப் பதிவான மாற்றம், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம். பயனர்கள் குறைகளைப் பதியும் இஷ்யூ பட்டியலின் உச்சியில் யாரோ ஒருவர், ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒரே ஒரு பதில், தானாக இயங்கும் பாட் போட்டது: ‘60 நாட்களாக எந்த நடவடிக்கையும் இல்லாததால் இது மூடப்படுகிறது.’ சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் உன் பெயரை வைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

டயஸ்போரா நினைவிருக்கிறதா? 2010. நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர். ஃபேஸ்புக்கின் மேல் எல்லோருக்கும் எரிச்சல் ஏறியிருந்த நேரம். உன் தகவல் உன் கையிலேயே இருக்கும்படி ஒரு சமூக வலைத்தளம் எழுதுகிறோம், கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுத 10,000 டாலர் போதும் என்று, பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார்கள். வந்தது 2 லட்சம் டாலருக்கு மேல். கொடுத்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். மார்க் ஜக்கர்பெர்க்கே கொஞ்சம் பணம் போட்டார் என்பது அந்தக் கதையின் வேடிக்கை.

அவர்கள் கேட்ட தொகையைக் கவனி. நான்கு மாணவர்கள் ஒரு கோடை சாப்பிட்டுத் தூங்கி எழுதுவதற்கான தொகை அது. அந்த அளவுக்கு ஒரு சோதனை முயற்சியைக் காட்டியிருந்தால் பாராட்டியிருப்போம். இருபது மடங்கு பணம் வந்ததும் ஊர் எதிர்பார்த்தது ஃபேஸ்புக்குக்கு ஒரு மாற்றை. பணம் இருபது மடங்கானால் கோடை விடுமுறை இருபது மடங்காகுமா? அந்த செப்டம்பரில் நிரலை வெளியிட்டார்கள். சொன்ன தேதியில் வெளியிட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒருவர் கணக்கில் இன்னொருவர் கை வைக்கும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. முன்னோட்ட நிலையில் இருக்கும் எந்த நிரலிலும் இருப்பதுதான். நீயும் நானும் முதலில் எழுதியதெல்லாம் என்ன லட்சணம்? ஆனால் நம்முடையதை ஆறாயிரம் முதலாளிகள் எட்டிப் பார்க்கவில்லை. 2012 ஆகஸ்டில் திட்டத்தைப் பயனர் சமூகத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு நிறுவியவர்கள் விலகினார்கள். அதன் பிறகும் தன்னார்வலர்கள் அதைப் பராமரித்துக்கொண்டு வந்தார்கள். ஆனாலும் டயஸ்போரா என்றால் இன்றைக்கும் பலருக்குத் தோற்றுப்போன திட்டம்தான். அவர்கள் கேட்ட 10,000 யாருக்கும் ஞாபகமில்லை, வந்த 2 லட்சம் மட்டும் ஞாபகமிருக்கிறது.

இது அவர்கள் நால்வரின் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்து ஈதன் மோலிக் என்ற பேராசிரியர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருள் தருவதாகச் சொன்னவர்களில் முக்கால்வாசிக்கு மேல் சொன்ன தேதியைத் தாண்டியிருக்கிறார்கள். பணம் எவ்வளவு வந்தது என்பதற்கும் தாமதம் எவ்வளவு என்பதற்கும் தொடர்பு இருக்கிறதாம். நீ உன் பக்கத்தில் ‘இலக்கைத் தாண்டினால் கூடுதலாக இவையும்’ என்று ஏழு அம்சம் போட்டிருக்கிறாயே, அந்தப் பகுதிக்கு வந்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மெயில்பைல் கதை எனக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, ஏனென்றால் அது உன்னை மாதிரி ஆட்களின் கதை. 2013இல் மூன்று பேர், மறைகுறியாக்கம் (அடுத்தவர் படிக்க முடியாதபடி மடலைப் பூட்டுவது) சுலபமாக இருக்கும் மெயில்பைல் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கு, கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான இண்டிகோகோ தளத்தில் 1 லட்சம் டாலர் கேட்டார்கள், 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் வந்தது. வந்த பணத்தில் 45,000 டாலரை, பணம் கைமாற்றும் நிறுவனமான பேபால் நிறுத்தி வைத்துக்கொண்டு, செலவுக் கணக்கைக் காட்டு என்றது. ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு விட்டது. அதெல்லாம் தாண்டி உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மின்னஞ்சல் என்பது ஆழம் தெரியாமல் கால் விடக்கூடாத குளம், ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு விதமாகப் பேசும். நான்கு வருஷம் கழித்தும் முதல் முழுப் பதிப்பான 1.0க்கு முந்தைய சோதனைப் பதிப்பில்தான் நின்றார்கள். அதற்குள் வேறொரு கூத்து. அவர்கள் எழுதியது பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2இல். 2020 தொடக்கத்தோடு பைத்தான் 2க்கான ஆதரவே நின்றுபோயிற்று. பணம் கொடுத்தவனுக்கு ஒரு புது வசதிகூடத் தெரியாது, உள்ளே மட்டும் அத்தனையையும் மாற்ற வேண்டும். எந்த விளம்பர வீடியோவிலும் ‘நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி, நின்ற இடத்திலேயே நிற்பதற்காகச் செலவாகும்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

அங்கேதான் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாற்காலி செய்து தருகிறேன் என்று பணம் வாங்கினால், நாற்காலியைக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது. மென்பொருளைக் கொடுத்த அன்றைக்குத்தான் கணக்கே தொடங்குகிறது. நிதி திரட்டும் பக்கங்களோ மென்பொருளை நாற்காலி மாதிரி விற்கின்றன: இத்தனை தொகை, இந்தத் தேதி, இந்தப் பொருள். பராமரிப்புக்கு எங்கேயும் ஒரு கட்டம் கிடையாது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது தெரிந்ததே, இணையத்தில் பாதி சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நிரலுக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. புதிதாக ஒன்றைக் கட்டுகிறேன் என்றால் 2 லட்சம் வருகிறது, இருப்பதை ஒழுகாமல் வைத்திருக்கிறேன் என்றால் 2,000. நான் ஒன்றும் யோக்கியன் இல்லை, நானும் டி-ஷர்ட்டுக்குத்தான் பணம் கொடுத்தேன்.

உருப்பட்டவையும் உண்டு. நான் கடிதத்தை இங்கேயே முடித்தால் நீ சோர்ந்துபோய் எல்லாவற்றையும் கிடப்பில் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆண்ட்ரூ காட்வின் 2013இல் என்ன செய்தார் பார். வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளுக்குத் தரவுத்தள மாற்றங்களைக் கவனிக்கும் சவுத் என்ற துணைக் கருவியை ஏற்கெனவே வருஷக்கணக்காக அவர்தான் வைத்து நடத்திவந்தார். அந்த வசதியை ஜாங்கோவுக்குள்ளேயே சேர்க்கிறேன், 2,500 பவுண்டு வேண்டும் என்றார். கிட்டத்தட்ட 18,000 வந்தது. 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7இல் அது இருந்தது. ஜோயி ஹெஸ் 2012இல், பெரிய கோப்புகளை நிர்வகிக்கும் தன் கருவியான கிட்-அனெக்ஸுக்கு 3,000 டாலர் கேட்டு, 24,000 அளவில் வாங்கி, அன்றன்று செய்ததை அன்றன்றே எழுதிவைத்தார். சில நாள் குறிப்பு ‘இன்று முழுக்க ஒரே பிழையோடு போராட்டம்’ என்ற ரகத்தில் இருக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் இருக்கிறதே, அது 2002இல் ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ சேர்த்தது, ஆனால் அந்தப் பணம் எழுதப்போகும் நிரலுக்கு இல்லை, முதலீட்டாளர்களிடம் மாட்டியிருந்த, ஏற்கெனவே எழுதிய நிரலை விடுவிப்பதற்கு. இவர்கள் மூவரிடமும் பணம் கேட்பதற்கு முன்பே ஓடுகிற ஒன்று இருந்தது.

உன்னிடமும் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆறுதல். ஸ்கேன் செய்த பழைய பக்கங்களை நிமிர்த்தும் உன் கருவியை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பயன்படுத்துகிறேன். ஆனால் உன் வரைவில் அந்தக் கருவி எங்கே? மூன்றாம் பத்தியில் ஒரு வரி. மீதியெல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளைகள். கையெழுத்தைத் தானே வாசிக்குமாம், கைப்பேசிச் செயலி வருமாம், யாரும் எங்கிருந்தும் சேர்ந்து திருத்தலாமாம், எல்லாம் ஆறு மாதத்தில். முரளி, கையெழுத்து வாசிப்பை நீ இதுவரை தொட்டதுகூட இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரிய குழுக்களை வைத்துக்கொண்டு முக்குகிற வேலை அது. அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடு. கைப்பேசிச் செயலியையும் அடி. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

அதற்குப் பதில் 112ஆம் இஷ்யூவைப் போடு. தடித்த புத்தகத்தில் நடுமடிப்புக்குப் பக்கத்தில் வரிகள் வில்லாக வளைகின்றனவே, அது. இரண்டு வருஷமாகத் திறந்து கிடக்கிறது, கீழே நாற்பது பேர் ‘எனக்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே சிக்கல் என்று உனக்குத் தெரியும், தீர்வில் பாதியை நிரலின் தனிக் கிளை ஒன்றில் எழுதியும் வைத்திருக்கிறாய். அதோடு, கருவியைக் கணினியில் நிறுவித் தரும் இன்ஸ்டாலரைச் சேர்த்துக்கொள். இந்த இரண்டுக்கும் நாலு மாதச் சம்பளம் எவ்வளவோ அதைக் கேள். தளத்தின் கட்டணம் 5 சதவீதம், அட்டைக் கட்டணம், வரி எல்லாவற்றையும் முன்கூட்டியே கழித்துக் கணக்கிடு. டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். அளவு கேட்டு, முகவரி வாங்கி, தபாலில் திரும்பி வந்ததை மறுபடி அனுப்பி, அதிலேயே ஒரு மாதம் போய்விடும். இலக்கை எட்டாவிட்டால் எல்லோருக்கும் பணம் திரும்பும் முறையையே தேர்ந்தெடு. உபுண்டு எட்ஜ் என்ற கைப்பேசித் திட்டம் 2013இல் 3 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டுத் தோற்றது. ஆனால் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் உறுதியளித்தவர்கள் ஒரு பைசாவும் இழக்கவில்லை, அதனால் அதை இன்றைக்கும் யாரும் திட்டுவதில்லை.

அதிகம் வந்துவிட்டால்? வராது என்று நினைக்காதே, டயஸ்போரா நால்வரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் பராமரிப்புக்கு, இத்தனை மாதம் பிழை திருத்துவேன், புதிதாக எதுவும் சேர்க்க மாட்டேன் என்று முதலிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடு. இதைப் படித்துச் சிலர் முகம் சுளித்துப் போய்விடுவார்கள். போகட்டும்.

உன் வரைவு முழுக்கச் சிவப்பில் கோடு போட்டு இதோடு இணைத்திருக்கிறேன். கோபப்படாதே, பழைய நாட்களில் என் முதல் நிரலில் நீ போட்ட கோடுகளோடு பார்த்தால் இது கம்மிதான்.

ஒன்று விட்டுப்போயிற்று. உன் பக்கத்தின் அடியில் ‘உதவியவர்கள்’ பட்டியலில், பயனர் கையேடு எழுதுபவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். எழுதித் தருகிறேன் என்று நான் சொல்லி ஒன்றரை வருஷம் இருக்குமா? இரண்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது, மூன்றாவதை அடியிலிருந்து மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அந்த வரியையும் அடித்துவிடு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்