குளித்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது, வருஷா வருஷம் நீங்கள் பேப்பரோடு கொடுப்பதுதான். பால் வாங்காத நாளுக்கு அதில் ஒரு பெருக்கல் குறி, கேஸ் மாற்றிய நாளுக்கு ஒரு 'சி', எட்டு மாதமாக என் மகளுக்குப் பீரியட்ஸ் வரும் நாளுக்கு ஒரு சிவப்பு வட்டம். அந்த வட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், நாள் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மகளுக்கு 13 வயது. வயதுக்கு வந்ததும் சடங்கு தடபுடலாக நடந்தது. தாய்மாமன் சீர், மைக் செட், தெருமுனையில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ், எல்லாம் உண்டு. மாமியார் கிண்டிக் கொடுத்த உளுந்தங்களியில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தது எப்போது வரும், எதிலிருந்து எண்ணுவது என்று அத்தனை கூட்டத்தில் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது, அதை "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று டீச்சர் தாண்டிவிட்டாராம்.

அப்புறம் ஒரு முறை 42 நாள் இடைவெளி விட்டு வந்தது. பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், 'நீர்க்கட்டி' என்றார்கள், மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினார்கள். வாங்கிய மாத்திரையைக் கொடுக்க மனசு வராமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். வயதுக்கு வந்து 8 வருஷம் வரைக்கும் ஸ்கேனில் தெரிவதை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்பதுதான் 2018-லேயே வந்த சர்வதேச வழிகாட்டுதலாம். இந்த வயதில் சினைப்பையில் முட்டை வளரும் குட்டிக் குட்டிப் பைகள் நிறைய இருப்பது சாதாரணமாம், நாம் கட்டி என்று அலறுவது பல நேரம் அதைத்தான். மூளையும் சினைப்பையும் பேசிப் பழக இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை பல மாதங்களில் முட்டையே வெளிவராது, கர்ப்பப்பையின் உள்சவ்வு வளர்ந்துகொண்டே போய்த் தோன்றியபோது உதிரும், அதனால்தான் 21 நாளிலிருந்து 45 நாள் வரை எப்போது வந்தாலும் இந்த வயதுக்கு அது சரிதான் என்றார். பெரியவர்களுக்கு 21-லிருந்து 35.

அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "எந்த நாளிலிருந்து எண்ணுறீங்க?" தலைக்குக் குளித்த நாளிலிருந்து என்றேன். என் அம்மா அப்படித்தான் எண்ணினார், என் அக்கா இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவாள். இரண்டுமே தப்பு, இரத்தம் பட்ட முதல் நாள்தான் 1. மார்ச் 3-ல் வந்து, 5-ல் குளித்து, 7-ல் நின்று, மறுபடி 31-ல் வந்தால் அது சரியாக 28 நாள். அக்கா கணக்கில் 24, என் கணக்கில் 26, பக்கத்து வீட்டம்மா கணக்கில் "ஒரே மாசத்துல ரெண்டு தடவை". அதே 28 நாளில் அடுத்தது ஏப்ரல் 28, அதற்கடுத்தது மே 26. தேதி முன்னால் முன்னால் வருகிறதே என்று எத்தனை பேர் கவலைப்பட்டுக் கஷாயம் குடித்திருப்போம்!

முட்டை எல்லாருக்கும் 14-ம் நாள்தான் வெளிவரும் என்கிற கதையும் இப்படித்தான். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு அது 21-ம் நாள் வாக்கில் வரும். கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் முதல் பாதிதான். குழந்தைக்காகக் காத்திருந்து 14-ம் நாளை எண்ணிக்கொண்டிருந்த என் தோழிக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் யாரையோ போக விடாமல் தடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு முறை என்றாலும் 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால், ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இருந்தால், 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டால், தள்ளிப்போடாமல் போங்கள். ஒரு முறைக்கு மொத்தமாகப் போகும் இரத்தம் சராசரியாக 30, 40 மில்லிதான், இரண்டு மூன்று பெரிய ஸ்பூன், இதைக் 'கெட்ட ரத்தம்' என்று சொல்லி நிறைய போகட்டும் போகட்டும் என்று விட்டு, பிள்ளை இரத்தசோகையில் சுருண்டு விழுந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், கரிநாள், எந்தத் திசைக்குச் சூலம் என்பது வரை இருக்கிறது. ஒவ்வொரு மாதத் தாளின் ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டம் விடுங்கள், 'முதல் நாள்: ___, போன முறையிலிருந்து: ___ நாள்' என்று. தினசரி காலண்டர் இதற்கு ஆகாது, குறித்ததை மறுநாள் கிழித்துவிடுகிறோம். அப்புறம், தாளை அவ்வளவு வழவழப்பாகப் போடாதீர்கள். பேனா எழுத மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருமங்கலம்