எழும்பூர் மியூசியம் அருகே பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பிடத்தைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
சமூக அறிவியல் ஆசிரியை, எட்டாம் வகுப்பு,
கிராமப்புறப் பள்ளி, செங்கல்பட்டு மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு பகுதி அலுவலர் அவர்கள்,
எழும்பூர், சென்னை.

பொருள்: பாந்தியன் சாலையில் அருங்காட்சியகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே உள்ள இலவசப் பொதுக் கழிப்பிடத்தில் பெண்கள் பகுதியைச் சனி, ஞாயிறுகளிலும் திறந்து வைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை:
1. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொலைபேசியில் பதிவு செய்த புகார்.
2. சென்ற ஆண்டு நவம்பரில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பிய மனு.
3. இந்த ஆண்டு ஜனவரியில் நேரில் கொடுத்து முத்திரை பெற்ற மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்றுக்கும் தீர்வு கிடைக்காததால் பணிவுடன் இந்த நான்காவது மனுவை எழுதுகிறேன். பதிலே வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதல் புகாருக்கு நான்காம் நாளே என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளிக்கவும்.' நானும் நம்பி ஐந்து போட்டேன். நவம்பரில் பிள்ளைகளோடு வந்து பார்த்தபோது அதே கதவில் அதே பூட்டு தொங்கியது.

எழும்பூர் தங்களுக்குத் தெரியாத இடம் இல்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒரு கிலோமீட்டர் என்னவாக இருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அது தெரிந்தால்தான் நான் எதற்காக ஒரு பூட்டைப் பற்றி இத்தனை முறை எழுதுகிறேன் என்பது விளங்கும்.

1. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் மூன்று பிரிவுகள். ஆண்டுக்கு மூன்று பயணம், ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 40 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, மற்ற வார நாட்களில் எங்களுக்குப் பள்ளி. ஆகவே சனிக்கிழமைதான் வர முடியும். பேருந்து வைத்து அழைத்து வர வசதி இல்லை. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குகிறோம். பாடம் ரயிலிலேயே தொடங்கிவிடும். வண்டி பல்லாவரத்தில் நிற்கும்போது எல்லோரையும் ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்வேன். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது அந்தப் பல்லாவரத்தில்தான். அவர் சேர்த்து வைத்திருந்த கல்லாயுதங்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. 'நீங்கள் வந்த ரயில் பாதையில் கிடைத்த கல்லைப் பற்றித்தான் உள்ளே படிக்கப் போகிறீர்கள்' என்று சொன்னால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் ஐயா.

2. மியூசியத்தைப் பற்றி நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. 1851-இல் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் 'செத்த காலேஜ்' என்கிறார்கள், மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. எங்கள் பிள்ளைகளின் தாத்தாக்கள் இந்தப் பெயரைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சாலையின் பெயரைக் கேட்டு 'பாண்டியன் ரோடா மிஸ்?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவன் கேட்பான். பாந்தியன் என்பது மியூசியம் வருவதற்கு முன் அங்கே இருந்த, வெள்ளைக்காரர்கள் கூடி விருந்தும் ஆட்டமும் நடத்திய மண்டபத்தின் பெயர் என்று விளக்குவேன். உள்ளே திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், ஆதிச்சநல்லூர்த் தாழிகள் எல்லாம் உண்டு. ஆனால் என் பிள்ளைகள் நகராமல் நிற்பது அமராவதிச் சிற்பம் ஒன்றின் முன்னால். வட்டமான கல்லில் நளகிரி என்ற மதயானை ஒரு பக்கம் ஆட்களை மிதித்துக்கொண்டு வருகிறது, அதே வட்டத்துக்குள் மறுபக்கம் புத்தர் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. 'ரெண்டு யானையா மிஸ், ஒரே யானையா?' என்று சண்டையே நடக்கும். பகல் ஒரு மணி வரை உள்ளேதான் இருப்போம். உள்ளே கழிப்பறை இருக்கிறது. அதுவரை எனக்கு ஒரு கவலையும் இல்லை.

3. கவலை ஒரு மணிக்குப் பிறகு தொடங்குகிறது. மியூசியத்தோடு திரும்பிப் போனால் எழும்பூரில் பாதிகூடப் பார்த்ததாகாது. அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அதையும் 1909-இல் திறந்த கலைக்கூடத்தையும் வரைந்தவர் ஹென்றி இர்வின். 1908-இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையமும் அவர் கைவண்ணம்தான். எனவே நூலகத்தின் வளைவுகளை நோட்டில் வரையச் சொல்லி, மாலையில் ஸ்டேஷன் முகப்பில் அதே கை தெரிகிறதா என்று தேடச் சொல்வேன். (ஸ்டேஷன் வாசலில் உள்ள காந்தி இர்வின் சாலையின் இர்வின் வேறு. அவர் வைஸ்ராய். இதை ஆண்டுதோறும் தேர்வில் மாற்றி எழுதுகிறார்கள்.) அப்புறம் பாந்தியன் சாலையிலேயே பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டடம். 2021-இலிருந்து அது காவல் அருங்காட்சியகம். பையன்களை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. அடுத்து காட்டன் ஸ்ட்ரீட்டில் நடைபாதைத் துணிக்கடைகள். திரைச்சீலைத் துணியும் துண்டுத் துணியும் மலையாகக் குவிந்திருக்கும். பெண்பிள்ளைகள் அம்மாவுக்கென்று சேர்த்து வைத்த நூறு ரூபாயை அங்கேதான் செலவழிப்பார்கள். கடைசியாக, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் 1821-இல் கட்டிய ஆண்ட்ரூஸ் தேவாலயம். வட்டமான கோயில், உள்ளே அண்ணாந்து பார்த்தால் நீலக் குவிமாடத்தில் நட்சத்திரங்கள். சதுப்பு நிலம் என்பதால் வரிசையாகக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் நிறுத்திய கட்டடம். 'கீழே இன்னும் தண்ணி இருக்குமா மிஸ்?' என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்று காலை ஏழு மணியிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்க வேண்டாம் என்று சொன்னவளே நான்தான்.

4. ஆம் ஐயா, நானேதான் சொல்கிறேன். முதல் நாளே வகுப்பில் பெண்பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, 'நாளைக்குத் தண்ணீர் குறைவாகக் குடியுங்கள், டீ வேண்டாம்' என்று சொல்லித்தான் அழைத்து வருகிறேன். அறிவியல் ஆசிரியை அவர்களுக்குத் தினம் இரண்டு லிட்டர் குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். நான் வெயிலில் நாள் முழுக்க நடக்க வைத்து, குடிக்காதே என்கிறேன். ஒரு மணியிலிருந்து, மின்சார ரயில் ஏறும் ஐந்தரை மணி வரை, 26 பெண்பிள்ளைகளுக்கு வழியில் இருப்பது அந்த ஒரு கழிப்பிடம்தான்.

தாங்கள் அந்த வழியாகத் தினமும் போகிறீர்கள். வெளியே பச்சை வண்ணத்தில் பலகை: 'இலவசம். 24 மணி நேரமும் இயங்கும்.' ஆண்கள் பக்கம் திறந்திருக்கிறது. பெண்கள் பக்கக் கதவு அடியில் துருப்பிடித்து உதிர்கிறது, ஆனால் அதில் தொங்கும் பூட்டு மட்டும் புத்தம் புதுப் பித்தளை. மேலே காற்றுப்போக்கிக்கு விட்ட ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். துடைப்பங்கள், நாலைந்து காலி பெயின்ட் டப்பாக்கள், ஒரு சைக்கிள் டயர், யாருடைய சட்டையோ ஆணியில் தொங்குகிறது. பெண்கள் கழிப்பிடம் யாருக்கோ சாமான் அறையாகிவிட்டது. எதிரே டீக்கடைக்காரரைக் கேட்டதற்கு, 'சாவி அந்த கான்ட்ராக்ட் ஆள்கிட்ட இருக்கும்மா, சனி ஞாயிறு அவர் வரமாட்டார்' என்றார். திங்கள் முதல் வெள்ளி வரையாவது திறக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

இந்த ஆண்டு ஜனவரி மாதம் நடந்ததை மூன்றாவது மனுவில் நாசூக்காக ஒரு வரியில் எழுதியிருந்தேன். நாசூக்கு பயன்படவில்லை என்பதால் இப்போது முழுதாக எழுதுகிறேன். காட்டன் ஸ்ட்ரீட்டில் நிற்கும்போது ஒரு மாணவி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தேதிக்கு ஐந்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நாப்கின் என் பையில் எப்போதும் இருக்கும், அதில் குறையில்லை. இடம்தான் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கழிப்பிடத்துக்கு ஓடினேன். நவம்பரில் பார்த்த அதே பூட்டு. திரும்பி வந்தபோது அவள் பாவாடை முழுக்கத் தெரிந்துவிட்டது. சாலையில் அத்தனை பேர். எங்கள் வகுப்புப் பையன்களும் நிற்கிறார்கள்.

துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாதான் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குவியலிலிருந்து அரக்கு நிறத் திரைச்சீலைத் துணி ஒன்றை உருவி, 'இதக் கட்டிக்கம்மா' என்று கொடுத்தார். கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம். அவரும் பக்கத்துக் கடைக்காரப் பெண்ணும் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தலைநகரத்தின் நடுவே, நடைபாதையில், போர்வைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டாள் அந்தப் பிள்ளை. துணிக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. 'என் வீட்லயும் ரெண்டு இருக்கு டீச்சர்' என்றார்.

அன்று தேவாலயத்துக்குப் போகவில்லை. ரயிலில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. செங்கல்பட்டு வரை கதவோரம் அந்தத் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு நின்றபடியே வந்தாள். மறுநாள் திங்கள்கிழமை பள்ளிக்கு வரவில்லை என்பதை... இல்லை, மறுநாள் ஞாயிறு. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வரவில்லை. இதை அடித்துத் திருத்தி எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

5. தாங்கள் கேட்கக்கூடும், வேறு இடமே இல்லையா என்று. உள்ளே நுழைகிற இடங்களில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்தான். 26 பேரை வரிசையில் நிறுத்தி எத்தனை வாசலில் கேட்பது? ரயில் நிலையம் போய்விடலாமே என்றும் ஒருவர் தங்கள் அலுவலகத்தில் சொன்னார். போகலாம். அப்படியானால் ஒரு மணிக்கே ரயில் நிலையம் போய்விட வேண்டும். பாதி எழும்பூரை ஆண்பிள்ளைகள் பார்க்கட்டும், பெண்பிள்ளைகள் பிளாட்பாரத்தில் உட்காரட்டும் என்று சொல்கிறாரா அவர்? அதே அலுவலகத்தில் இன்னொருவர், 'கேர்ள்ஸை எதுக்கு மேடம் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வரீங்க' என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கும் சொல்லப் போவதில்லை.

6. புதிதாகக் கட்டடம் கேட்கவில்லை. நிதி கேட்கவில்லை. டெண்டர் கேட்கவில்லை. டைல்ஸ் கேட்கவில்லை. கட்டியாகிவிட்டது, தண்ணீர்த் தொட்டி மேலே இருக்கிறது, ஆண்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருகிறது என்று எங்கள் பையன்களே பார்த்துவந்து சொல்கிறார்கள். ஒரு பூட்டு. அதைத் திறக்க எத்தனை மனு வேண்டும் என்று சொல்லிவிட்டால் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவேன்.

7. திறக்க வேண்டும் ஐயா.

எங்களுடைய அடுத்த பயணம் வரும் ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அன்று ஒரு மணி முதல் ஐந்தரை வரையாவது பெண்கள் பக்கம் திறந்திருக்கும்படி உத்தரவிட மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆள் இல்லை என்றால் சாவியை மட்டும் எதிரே உள்ள டீக்கடையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். காலையில் நானும் இன்னோர் ஆசிரியையும் முன்னதாக வந்து, பெயின்ட் டப்பாக்களை ஓரமாக அடுக்கி, பினாயில் ஊற்றிக் கழுவி வைத்துக்கொள்கிறோம். மாலையில் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சட்டையை யாரும் தொடமாட்டோம்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை நேற்று எழுதினேன். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அந்த மாணவியின் தங்கை இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு. நளகிரி யானையைப் பற்றி அக்கா சொல்லக் கேட்டிருக்கிறாள், பார்க்க ஆசை. ஆனால் பெயர் கொடுக்கவில்லை. அவள் அம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். 'அங்க எல்லாம் சரியாயிடுச்சா மிஸ்?' என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தாங்கள் பதில் அனுப்பினால் அவரிடம் காட்டுவேன். முடித்து வைக்கப்பட்டது என்ற செய்தி வேண்டாம். திறந்திருக்கும் கதவின் ஒரு படம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எட்டாம் வகுப்பு ஆசிரியை

இணைப்பு:
1. முன் மனுக்களின் நகல்கள், ஒப்புகை அட்டை, முத்திரையுடன் (இரண்டு).
2. பூட்டின் புகைப்படங்கள்: ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி. ஒரே படம் மூன்று பிரதி என்று நினைத்துவிட வேண்டாம், தேதியைப் பார்க்கவும்.
3. பெண்பிள்ளைகளின் கையொப்பங்கள் (26). ஆண்பிள்ளைகளும் தாங்களாகவே கேட்டு வாங்கிப் போட்டார்கள் (15).