கோதன்பர்க் பயணக் கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சுவீடனின் துறைமுக நகரான கோதன்பர்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் வந்து தங்கும் பெற்றோர், பகல் முழுதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் தாங்களே ட்ராமும் படகும் ஏறிப் போய்வர ஒரு தமிழ்க் கையேடு தயாராகிவிட்டது. அதில் பிழையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உங்களில் ஒருவர் இருக்கிறார். யார் எதைத் திருத்திக் கொடுத்தீர்கள் என்பதை ஊரறியச் சொல்வதுதான் முறை.

முதல் வணக்கம் ட்ராம் ஓட்டுநர் அம்மாவுக்கு. நகர மையத்தில் பல ட்ராம்கள் சந்திக்கும் நிறுத்தமான புருன்ஸ்பார்க்கென் போய் 11-ஆம் எண் ஏறவும் என்று எழுதியிருந்தோம். அது போதாது என்றார். புருன்ஸ்பார்க்கென் ஒரே பெயரில் இருக்கும் பல நடைமேடைகள். ஏ, பி, சி, டி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. சுவீடிஷில் அதை ‘லேகெ’ என்பார்கள். எழுத்து மாறினால் எண் சரியாக இருந்தும் எதிர்த்திசையில் போய்விடுவோம். எனவே கையேட்டில் இப்போது ட்ராம் எண், நெற்றிப் பலகையில் வரும் கடைசி நிறுத்தத்தின் பெயர், லேகெ எழுத்து மூன்றும் சேர்ந்தே வருகின்றன. வெஸ்ட்லேங்கென் சுரங்க ரயில்பாதைப் பணியால் ஹாகா, கோஷ்வேகென் பக்கம் நிறுத்தங்கள் இடம் மாறுவதும், கோடையில் தண்டவாள வேலைக்காகத் தடம் திருப்பப்படுவதும் உண்டு. அந்த நாட்களில் எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

தெருவைக் கடப்பது பற்றி அவர் சேர்க்கச் சொன்ன பத்தியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்தால் கார் நிற்கும். ட்ராம் நிற்காது, நிற்கச் சட்டமும் இல்லை. சாரதி மணியடித்தால் பின்வாங்க வேண்டியது நாம்தான். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் ஓடுவதால், மழையிலும் இலையுதிர் காலச் சருகிலும் பிரேக் பிடித்த பிறகும் வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். காரை நிறுத்திய தைரியத்தில் அடுத்த தண்டவாளத்தில் இறங்குவதுதான் புதிதாக வந்தவர்கள் செய்யும் ஆபத்தான தவறு.

முழங்கால் வலியோடு ஏறி இறங்கிச் சோதித்துச் சொன்ன பெரியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பழைய ட்ராம்களில் படி உயரம். எம்31 வகையில் முன்னும் பின்னும் படி இருந்தாலும், நடுப்பெட்டி தாழ்தளம். அந்தக் கதவுக்கு நேராகப் போய் நின்றால் படியே ஏற வேண்டாம். புதிய எம்33, எம்34 வண்டிகளில் அந்தக் கவலை இல்லை. கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காமல் பொத்தானை அழுத்துங்கள் என்ற வரியும் அவர்கள் தந்ததே. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னதும் அவர்கள்தான்.

டிக்கெட் பக்கத்தைச் சரிபார்த்த கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் கண்டிப்பு உதவியது. ட்ராமிலும் நகரப் பேருந்திலும் ஓட்டுநரிடம் டிக்கெட் கிடையாது. ஏறும் முன்பே, இவற்றை நடத்தும் பொதுப் போக்குவரத்து நிறுவனமான வெஸ்ட்த்ராஃபிக்கின் செயலியிலோ, பிரஸ்பீரோன் போன்ற கடைகளிலோ வாங்கிவிடுவது நல்லது. நகருக்கு ‘ஏ’ என்ற கட்டண மண்டலம். ஒற்றை டிக்கெட் 90 நிமிடம், அதற்குள் ட்ராம், பஸ், படகு எது மாறினாலும் கூடுதல் காசில்லை. கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லை என்றே கணக்கு. அபராதம் ஆயிரம் குரோனருக்கு மேல். லாண்ட்வெட்டர் விமான நிலையப் பேருந்து வேறு நிறுவனத்தினுடையது, இந்த டிக்கெட் அதில் செல்லாது.

படகுத்துறைப் பணியாளருக்குத் தனியாக ஒரு நன்றி. 11-ஆம் ட்ராம் முடியும் சால்ட்ஹோல்மெனில் இறங்கிச் சிறிது நடந்தால் தெற்குத் தீவுகளுக்கான 281, 282 படகுகள். ஏ மண்டல டிக்கெட்டே போதும். அவர் பிடித்த பிழை பெரியது. தீவின் பெயரை மட்டும் எழுதியிருந்தோம். ஸ்டிர்ஷோ தீவில் பிராட்டென், ஷேரெட், டோங்கென் என்று பல துறைகள். பிரென்னோ தீவில் ரோட்ஸ்டேன், ஹூஸ்வீக். எல்லாப் படகும் எல்லாத் துறையிலும் நிற்பதில்லை. தீவுகளில் கார் ஓடாது, டாக்சி பிடித்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சே இல்லை. எந்தத் துறையில் இறங்கினோம், திரும்பும் படகு எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். போய், உலாவி, திரும்ப 90 நிமிடம் போதாது என்பதால் 24 மணி நேர டிக்கெட்டைப் பரிந்துரைத்திருக்கிறோம். டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். புயல் காற்றென்றால் கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள்ளேயே ஆற்றைக் கடக்க ஸ்டேன்பீரென் துறையிலிருந்து லிண்ட்ஹோல்மென் போகும் 286 படகு இலவசம். ஆற்றோடு போகும் 285-க்கு டிக்கெட் வேண்டும்.

சுவீடிஷ் ஆசிரியை ஒலித்துக் காட்டியிராவிட்டால் பெயர்கள் எல்லாம் தப்பாகியிருக்கும். ஊர்க்காரர்கள் கோதன்பர்க்கை ‘யோத்தெபொரி’ என்கிறார்கள். யால்மார் பிராண்டிங்ஸ்பிளாட்சென் நிறுத்தத்தின் பெயர் பலகையில் ஹகரத்தில் தொடங்கும், ஒலிபெருக்கியில் யகரத்தில் தொடங்கும். ஷேரெட்டும் அப்படித்தான், எழுத்தில் ‘ஸ்க’. பலகையில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அறிவிப்பில் காதில் விழுவது ஒன்று என்பதால் பெயர்களை இரண்டு விதமாகவும் அச்சிட்டிருக்கிறோம். ‘நெஸ்டா’ என்று கேட்டால் அடுத்த நிறுத்தம். நிறுத்தத் திரையில் ‘நூ’ என்று வந்தால் வண்டி வந்துவிட்டது.

நகர அருங்காட்சியகத்தை முதல் பயணமாக வைக்கச் சொன்ன நண்பருக்கும் கடமைப்பட்டுள்ளோம். புருன்ஸ்பார்க்கெனிலிருந்து கால்வாயோரம் நடந்தே போகலாம். 1731-இல் தொடங்கிய சுவீடிஷ் கிழக்கிந்திய கம்பெனியின் கட்டடம் அது. அந்தக் கம்பெனியின் கப்பலொன்று 1733-இல் நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து கிடங்கு போட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதே ஆண்டு அதைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். கடலூர்ப் பக்கத்துப் பெற்றோர்கள் இதைப் படித்துவிட்டுப் போய் நின்றால் அந்தக் கட்டடம் வேறு மாதிரி தெரியும்.

தட எண்களும் நிறுத்த எழுத்துகளும் மாறக்கூடியவை. மாறியதைக் கண்டால் லேகெ எழுத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த அச்சில் திருத்திவிடுகிறோம்.

மிக்க நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்