மேய்ப்பனின் முகம்: கிழக்கு ஜன்னல் பணிக்குக் காணிக்கை வேண்டுகோள்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

லண்டனில் நாம் தமிழ் ஆராதனைக்குக் கூடும் இந்த ஆலயத்தின் கிழக்கு ஜன்னலை அண்மையில் உற்றுப் பார்த்தீர்களா? நல்ல மேய்ப்பனின் சிவப்பு அங்கி அப்படியே ஒளிர்கிறது. முகம்தான் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணும் வாயும் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடிதான் மிச்சம்.

சிவப்பும் நீலமும் கண்ணாடி உருகும்போதே அதில் கலந்த நிறங்கள், மங்காது. முகக் கோடுகள் அப்படியல்ல. இரும்பு ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்துத் தீட்டி, சூளையில் சுட்டு ஒட்டவைப்பது. விக்டோரியா காலத்தில் ஊருக்கு ஊர் ஆலயங்கள் எழும்ப, பட்டறைகளில் வேலை குவிந்தது. குறைந்த சூட்டிலேயே உருகட்டும் என்று சில பட்டறைகள் அந்த மையில் வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்தன. அது ஈரம் தாங்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வியர்க்கும்போதெல்லாம் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போயின. கண்ணாடித் துண்டுகளைக் கோக்கும் ஈயப் பட்டிகளும் தளர்ந்து, ஜன்னல் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது.

இதற்காக அந்தக் கைவேலையைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். சார்ல்ஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர் இடைக்காலக் கண்ணாடித் துண்டுகளை வேதியியல் சோதனைக்குக் கொடுத்தார். அதை வைத்து லண்டன் ஒயிட்ஃபிரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் பட்டறை 1850களில் அந்தப் பழைய நிற ஆழத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வாயால் ஊதி, உருளையாக்கி, பிளந்து விரித்த கண்ணாடி அது. அதே கைவினை 2023இல் பிரிட்டனின் அழிந்துபோன கைவினைகள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் ஜன்னலில் ஒரு துண்டு உடைந்தாலும் அதற்கு ஈடு தேடுவது எளிதல்ல.

சரி, என்ன செய்யப் போகிறோம்? பலகங்களைக் கழற்றி, புது ஈயம் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, ஆளிவிதை எண்ணெய்ப் பசை தேய்த்து இறுக்குவார்கள். அசல் முகத்தின் மேல் புது மை படாது. கோடுகளை மெல்லிய தனிக் கண்ணாடியில் தீட்டிச் சுட்டு, பின்னால் பொருத்துவார்கள். பிற்காலத்தில் இதைவிட நல்ல வழி வந்தால் கழற்றிவிடலாம். இந்த முறையைத்தான் கமிட்டி ஒருமனதாக ஏற்றது. திருமண்டலத்தின் அனுமதிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.

பணம்தான் போதவில்லை. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், சிறு தொகை என்று தயங்கவேண்டாம். உறையின் மேல் ‘ஜன்னல்’ என்று எழுதிப் பொருளாளரிடம் தாருங்கள். இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச்சலுகைப் படிவத்தில் கையெழுத்திட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். அதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செலவு மதிப்பீடு மேசையில் இருக்கும். பார்த்துவிட்டு, அப்படியே ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அந்த முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஜன்னல் பணிக் கமிட்டி