ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு, அதாவது 2025 ஒக்டோபர் 18, 19இல், கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆசிய எழுவர் ரக்பித் தொடர் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களில் அநேகமாக ஒருவரும் ஓர் ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. என்னால்தான். வெளிநாட்டு மகளிர் அணி ஒன்றுக்குக் கூடவே இருந்து உதவ என்னைப் போட்டிருந்தார்கள். நான் உங்களை எல்லாம் இழுத்துப் போட்டேன். எந்த நாட்டு அணி என்று எழுதினால் கீழே வரப்போகும் பிய்ந்த சப்பாத்து யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வெட்கப்படுவாள். அதனால் நாட்டின் பெயர் வேண்டாம்.

எதற்காக இவ்வளவு அலைந்தோம் என்று மீன்கடை முதலாளி கேட்டார். சொல்லவேண்டியது என் கடமை. வழக்கமான ரக்பியில் அணிக்குப் பதினைந்து பேர் ஓடும் அதே பெரிய மைதானத்தில் இங்கே அணிக்கு ஏழு பேர்தான் ஓடுவார்கள். 7 நிமிடம், 2 நிமிட இடைவேளை, மறுபடி 7 நிமிடம். அவ்வளவுதான் ஆட்டம். அப்புறம் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருந்துவிட்டுத் திரும்பவும் அதே 14 நிமிடம். காத்திருக்கும் நேரத்தில் கால் இறுகும், வயிறு கேட்கும், உடுப்பு கிழிந்தது தெரியவரும். அந்த நேரம் முழுக்க உங்கள் கையில்தான் இருந்தது.

முதலாளிக்கு இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். இந்த எழுவர் ஆட்டம் 1883இல் ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் தொடங்கியது. கழகத்துக்குக் காசு சேர்க்க வழி தேடியபோது இந்த யோசனையைச் சொன்னவர் நெட் ஹெய்க், இறைச்சிக்கடைக்காரர். ஆகவே நீங்கள் ஐஸ் கொடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஆட்டங்களுக்கு நடுவே கால் இறுகாமல் இருக்கப் பிள்ளைகள் ஐஸ் தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் அந்த ஐஸ் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் யாரென்று எழுதப்போவதில்லை. வந்தது மூன்றரைக்கு, அதுவும் பாதி உருகி. அதற்கு முன்பே வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து முதலாளி நான்கு பெட்டி நொறுக்கிய ஐஸை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். கல்யாணச் சமையல்காரரிடம் இரவல் வாங்கிய இரண்டு நீலப் பீப்பாய்களில் கொட்டித் தண்ணீர் விட்டோம். முதலில் இறங்கிய பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று மூக்கைச் சுருக்கினாள். என்னைப் பார்த்து இரண்டு கையாலும் மீன் நீந்துகிற மாதிரிக் காட்டினாள். முழு அணியும் சிரித்தது. அறுக்குளா மீன் மணம்தான், மறைக்க முடியாது. ஆனால் மாலை ஆட்டத்தில் ஒருத்திக்கும் கால் பிடிக்கவில்லை.

சமையல் அக்கா, உங்களுக்கு என் மேல் கோபம் இருந்தது, தெரியும். மிளகாய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, உப்பு மட்டாக. அவித்த கோழி, அவித்த கிழங்கு, வெள்ளைச் சோறு. "இதை எப்படிப் பிள்ளை சாப்பாடு என்று கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்று கேட்டீர்கள். கொடுத்தோம், பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஞாயிறு இரவு, எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு, நீங்கள் அனுப்பிய பயற்றம் பணியாரத்தை அவர்கள் எண்ணிப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். ஒருத்தி மட்டும் தன் பங்கைக் கைக்குட்டையில் கட்டிப் பைக்குள் வைத்தாள், அம்மாவுக்காம்.

தீபாவளிச் சட்டைகள் மலைபோலக் குவிந்திருந்த நேரத்தில் இரண்டு ஜேர்சிகளின் தோள்பட்டையைத் தைத்துத் தந்த தையல்கடைத் தம்பிக்கும், மழை விட்டதும் வெளுத்துப்போன கோடுகளைத் திரும்பப் போட்ட மைதானத்து ஆட்களுக்கும் நன்றி.

டொக்டர் அம்மாவுக்குத் தனியாக. தலையில் அடிபட்ட பிள்ளையை நீங்கள் வெளியே எடுத்தபோது அவள் அழுதாள், பயிற்சியாளர் முகம் சுருங்கியது, உண்மையைச் சொன்னால் எனக்கும் உங்கள் மேல் எரிச்சல் வந்தது. அவளிடம் இன்னும் நான்கு நிமிடம் விளையாடக்கூடிய ஓட்டம் இருந்தது. நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை; அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் செய்தது சரி. அவளும் போகும்போது அதைச் சொல்லச் சொன்னாள்.

இனிச் சப்பாத்துக் கதை. ஞாயிறு காலை அந்தச் சப்பாத்தின் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவ்வளவு சிறிய கால் அணியில் வேறு யாருக்கும் இல்லை, கடைகளும் திறக்கவில்லை. பம்பலப்பிட்டியில் குடைக்குக் கீழே இருக்கும் ஐயாவிடம் ஓடினேன். பசை போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் சப்பாத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். "மழை வரும். பசை நிக்காது" என்றார். நைலோன் நூலை மெழுகில் இழுத்து, வளைந்த ஊசியால் அடித்தோலைச் சுற்றித் தைத்தார். தையல்களை எண்ணினேன், பதினொன்று. பிறகு கையை உள்ளே விட்டு முடிச்சு விரலில் குத்துமா என்று தடவிப் பார்த்தார். பெண் பிள்ளை விளையாடப் போகிறாள் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஐயா, அந்தச் சப்பாத்து என்ன செய்தது என்று கேளுங்கள். கடைசி ஆட்டம், மழை கொட்டுகிறது. நேரம் முடிந்து ஒலியும் எழுப்பிவிட்டார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் பந்து உயிரோடு இருக்கும்வரை ஆட்டமும் உயிரோடுதான் இருக்கும். நாங்கள் ஏழு புள்ளி பின்னால். பந்து இடது ஓரத்தில் அவள் கைக்கு வந்தது. எதிரே ஒருத்தி. இவள் வெளியே போகிற மாதிரிக் காட்டி, சேற்றில் அதே காலை ஊன்றி உள்ளே திரும்பினாள். அந்தக் கால் வழுக்கியிருந்தால் அங்கேயே முடிந்தது. வழுக்கவில்லை. நாற்பது மீற்றர் ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தியபடி விழுந்தாள். ட்ரை, 5 புள்ளி. அடுத்த 30 விநாடிக்குள் பந்தை நிலத்தில் விட்டுத் துள்ளும்போது உதைக்க வேண்டும், இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் 2 புள்ளி, சமநிலை. உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றோம். அது உங்கள் தையலின் குற்றம் இல்லை.

இந்த ஒரு காட்சியைப் பார்த்தவர் ஓட்டோ அண்ணா மட்டும். வேலிக்கு வெளியே, வண்டியின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நனைந்தபடி நின்றார். கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடய ரக்பி ஆட்டங்களைத் தவற விடாத குடும்பம் அவருடையது. ரக்பி பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் காலையில் வரும் வழியில், "பெண்கள் பக்கத்தில் ஆசியாவில் யார் பெரிய ஆட்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆசிய விளையாட்டு விழாவில் 2010இல் மகளிர் எழுவர் ரக்பி வந்தபோது தங்கம் கசகஸ்தானுக்கு, பிறகு சீனா, ஜப்பான், மறுபடி சீனா என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "உங்கள் பிள்ளைகள்?" என்றார். பதில் சொல்லாமல் இருந்தேன். மாலையில் அவரே, ஈரச் சட்டையோடு, பேரம் பேசாமல் அவர்களை ஹோட்டலுக்கு இரண்டு தடவையாக ஏற்றிப் போனார். பஸ் வரத் தாமதமாகியிருந்தது.

புதுச் சப்பாத்து வாங்கித் தருகிறேன் என்றேன், அவள் வேண்டாம் என்றாள். தைத்ததையே பிளாஸ்டிக் பையில் சுற்றி, சேற்றோடு கொண்டுபோனாள்.

கல்யாணச் சமையல்கார அண்ணாவுக்கு: பீப்பாய்கள் இரண்டும் என் வீட்டு முற்றத்தில் இருக்கின்றன. எலுமிச்சை போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். மீன் மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அடுத்த கல்யாணம் எப்போது என்று சொல்லுங்கள், அதற்குள் இன்னொரு தடவை கழுவி வைக்கிறேன்.