விழுந்து கிடந்த பையன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து ஒரு பேச்சு பாதியிலேயே நிற்கிறது. "அது வெறும் கேம்தானே மாமா" என்றாய். நான் "சரி, சாப்பிட வா" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது கோபம். அதைக் கொட்டினால் நீ காதை மூடிக்கொள்வாய் என்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வயதுப் பையன்கள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதே பேச்சு ஓடுவதால், நீ சரி என்ற பிறகுதான் பொதுவில் போடுகிறேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். ஏற்காட்டில் நம் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்று வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். சில்வர் ஓக் மரங்களே தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. சுக்குக் காப்பி கொடுக்க வந்தவன் உன் பின்னாலேயே நின்றுவிட்டேன். நீ விளையாடுகிற பிஜிஎம்ஐ துப்பாக்கி கேமில், எரங்கல் மேப்பில், ஒரு வீட்டுச் சுவர் ஓரம் ஒருத்தனை நாக் பண்ணினாய், அதாவது எழுந்து நிற்க முடியாதபடி சுட்டு விழ வைத்தாய். அவன் ஆட்கள் எங்கோ தூரத்தில் இருந்திருக்க வேண்டும். கையூன்றித் தவழ்ந்துகொண்டே இருந்தான். நீ மறுபடி சுட்டு ஃபினிஷ் பண்ணவில்லை. துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு அவன் முன்னால் கேலியாக உட்கார்ந்து எழுந்தாய், மறுபடி உட்கார்ந்து எழுந்தாய். அவன் திரும்பிப் போன பக்கமெல்லாம் போய் வழியை மறித்தாய். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மைக்கைத் திறந்து அவன் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னாய். அதை இங்கே எழுத மாட்டேன்.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பத்து வயது இருக்குமா? "சீக்கிரம் கொன்னுடுங்கண்ணா, ப்ளீஸ்." உன் ஸ்குவாடில் கூட ஆடுகிற மூன்று பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

பேப்பரில் வருவது போல, கேம் விளையாடினால் கொலைகாரன் ஆகிவிடுவாய் என்று நான் சொல்லப் போவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், பெரிய வன்முறைச் சம்பவங்களுக்குக் கேம்தான் காரணம் என்பதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்றே சொன்னது. ஆனால் கத்துவது, பிடித்துத் தள்ளுவது மாதிரியான விஷயங்களோடு சின்னதாக ஒரு தொடர்பு இருக்கிறது என்றும் அதே தீர்மானம் சொன்னது. இந்தப் பாதியை உன் பக்கத்து ஆட்கள் விட்டுவிடுவார்கள், அந்தப் பாதியை உங்கம்மா பக்கத்து ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

அரசாங்கம் 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததும் வன்முறைக்காக இல்லை, நம் தகவல்கள் வெளியே போகின்றன என்பதற்காக. 2021இல் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தபோது ரத்தத்தைப் பச்சையாக்கினார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். அன்றைக்கு உன் கணக்கில் 3 மணி நேரம் தாண்டவில்லை, ரத்தமும் சிவப்பாக இல்லை. விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது, மாப்பிள்ளை.

நானும் விளையாடியவன்தான். காலேஜ் படிக்கும்போது நண்பன் ரூமில் மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாடினோம். 2009இல் வந்த கேம். அதில் ஒரு கட்டத்தில் தீவிரவாதிகளோடு ஆள் மாறாட்டம் செய்து ஒரு விமான நிலையத்துக்குள் போக வேண்டும். பெட்டியும் கையுமாக நிற்கிற சாதாரண ஜனங்களைக் கூட இருப்பவர்கள் சுட்டுக்கொண்டே நடப்பார்கள். வேண்டாம் என்றால் அந்தக் கட்டத்தையே தாண்டிப் போகலாம் என்று கேம் முன்னாலேயே கேட்கும். உள்ளே போனாலும் அந்த ஜனங்களில் ஒருவரைக்கூடச் சுடாமல் கூடவே நடக்க முடியும். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் சுட்டேன். ஓடுகிறவர்களையும் சுட்டேன். யாரும் என்னைச் சுடச் சொல்லவில்லை. திரையில் விழுந்தவை வெறும் படங்கள், அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் "ஏன் சுட்டேன்" என்கிற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. படங்களுக்கே இப்படி என்றால், உன் திரையில் இருந்தது படம் மட்டும் இல்லையே. அதற்குப் பின்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பையன் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் குரல் நடுங்கியது கேமில் சேர்ந்ததா?

உன் தாத்தா என்னையும் உங்கம்மாவையும் ஓமலூர்ப் பக்கம் கூத்துக்குக் கூட்டிப் போவார். விடிய விடிய நடக்கும். ஒரு தடவை திரௌபதி துகிலுரிதல். துச்சாதனன் வேஷம் கட்டியவர் பெரிய ஆள், புஜக்கட்டையும் கிரீடமுமாக அவர் குதித்து ஆடியபோது நான் அப்பா மடியில் ஒடுங்கிக்கொண்டேன். சேலையில் கை வைக்கிற இடம் வந்ததும் ஆட்டம் நின்றது. மிருதங்கம் நின்றது. யாரோ தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த மனிதர் திரௌபதி வேஷம் கட்டியவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அரிதாரம் வியர்வையில் கரைந்து கன்னத்தில் வழிந்ததுகூட நினைவிருக்கிறது. எழுந்தார், தாளம் தொடங்கியது, அப்புறம் அவர் சேலையை இழுத்த மூர்க்கத்தில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

எதிரே நிற்பது பெண் வேஷம் போட்ட தன் கூத்துக் குழு ஆள் என்று அவருக்குத் தெரியாதா? வெறும் வேஷம் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விழுந்தார். கொடுமையை முழுசாக ஆடிக்காட்டப் போகிறவருக்கு, தான் ஆடப்போவது கொடுமை என்கிற நினைவு இருந்தது. அன்று வாசல் படியில் உன்னிடம் நான் தேடியது அதைத்தான்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2023இல் உங்களை மாதிரி விளையாடுகிறவர்களிடம் சில போர் விதிகளைக் கேமிலும் கடைப்பிடித்துப் பாருங்கள் என்று கேட்டது. விழுந்துவிட்டவனைத் தொடர்ந்து சுடாதே என்பது அதில் ஒன்று. நிஜப் போரில் காயம்பட்டு விழுந்தவனைக் காக்கச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தம் 1864லேயே வந்துவிட்டது. ஆனால் பிஜிஎம்ஐயில் இதை அப்படியே செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஃபினிஷ் பண்ணாவிட்டால் அவன் ஆள் வந்து அவனை எழுப்பி ரிவைவ் பண்ணிவிடுவான், பின்னாலிருந்து உன்னை அடிப்பான். அதனால் ஃபினிஷ் பண்ணு. நான் அதைக் குறை சொல்லவில்லை. அது ஆட்டம், அவனும் அதற்குச் சம்மதித்துத்தான் இறங்கியிருக்கிறான். தோற்கச் சம்மதித்தான், அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கச் சம்மதிக்கவில்லை. புறமுதுகு காட்டி ஓடுகிறவனையே தொடக்கூடாது என்று பேசுகிற ஊரில், தவழ்கிறவனை வைத்து விளையாடுவதற்கு என்ன பெயர்?

உன்னைக் கெட்டவன் என்று எழுத நான் உட்காரவில்லை. லீவு நாளில் பட்டறையில் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கொலுசில் ஒவ்வொரு சலங்கையாக நீ கோப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று வளைந்திருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாய். அதே கட்டைவிரல்கள்தான் அன்று அந்தப் பையனைச் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

போனைப் பிடுங்கச் சொல்லி உங்கம்மாவிடம் சொல்ல மாட்டேன். உன்னிடம் இரண்டே இரண்டு கேட்கிறேன். நாக் பண்ணினால் உடனே முடித்துவிட்டு நகர்ந்து போ. எல்லாருக்கும் கேட்கிற மைக்கில், நேரில் நின்றால் அந்தப் பையன் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வாயோ அதை மட்டும் சொல். உன் ஸ்குவாட் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் சிரிக்கட்டும்.

ஓமலூர்ப் பக்கம் பங்குனியில் மறுபடி கூத்து வைக்கிறார்களாம். நான் மலையிலிருந்து இறங்கி வந்து அம்மாப்பேட்டையில் உன்னைக் கூட்டிக்கொள்கிறேன். போகும் வழியில் தட்டுவடை செட் சாப்பிடுவோம். போனையும் எடுத்து வா. கூத்து தொடங்க எப்படியும் பத்து மணிக்கு மேல் ஆகும், அதுவரை ஸ்குவாடில் எனக்கும் ஒரு இடம் வை.

அன்புடன்,
மாமா
ஏற்காடு